ஒரு கட்டுக் குதிரைமசால்

கரட்டுத்தோட்டம், வெள்ளகோவில்
ஐப்பசி 8, 1965

முருகன் துணை.

கொமரலிங்கம் சம்பந்தியம்மா குழந்தையம்மாள் அவர்களுக்கு கரட்டுத்தோட்டத்து நல்லம்மாள் எழுதுவது. நானும் மகன் கந்தவேலும் மருமகள் மருதம்மாளும் பேத்தி மயிலாளும் சுகமாக இருக்கிறோம். சம்பந்திக்கு மூட்டுவலி தேவலையா? மாப்பிள்ளையும் சாரதாமணியும் எப்படி இருக்கிறார்கள்? கல்யாணமாகி அவள் அங்கே வந்து ஆறு மாதமாகிறது. வேலைவெட்டியில் குறை இருந்தால் எழுதுங்கள். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் தண்டாயுதபாணி எங்கள் ஊர்க்காரர். அவர் ஓட்டி வருவது எங்கள் மயிலைப் பசு. நாலு மாதச் சினை. கல்யாணத்தன்று எங்கள் கட்டுத்தறியில் நின்று, "கொம்பு அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னீர்களே, அதே மாடு. இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

போன வருஷமும் மழை இல்லை. இந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஆடுமாடு மேய நாங்கள் வேலி கட்டி விட்டிருக்கிற எட்டு ஏக்கர் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தூரோடு கருகிவிட்டது. ஆடுகளைப் பற்றிக் கவலையில்லை. வேலமரத்துக் காயைப் பொறுக்கித் தின்றாவது உயிரைப் பிடித்துக்கொள்ளும். முப்பதில் பன்னிரண்டு நிற்கிறது. மாடு அப்படி இல்லையே. நாலில் மூன்றை விற்றாயிற்று. இதை விற்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது. அதனால் அனுப்புகிறேன்.

பங்குக் கணக்கில், வாரத்துக்குத்தான் விடுகிறேன். சும்மா வளர்த்துக் கொடுங்கள் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஈன்ற பிறகு பால் உங்களுக்கு. கன்று காளையானால் உங்களுக்கு, பெண் கன்றானால் கிடேரி எனக்கு. இதுவரை நாலு ஈத்தும் காளைக்கன்றுதான் போட்டிருக்கிறது. ஆகையால் வாரத்தில் லாபம் உங்கள் பக்கம்தான்.

ஆள் வைத்து எழுதவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த என் கையால் எழுதியது. பதில் எதிர்பார்க்கும்,
நல்லம்மாள்


கொமரலிங்கம்
ஐப்பசி 21, 1965

சம்பந்தியம்மாவுக்குக் குழந்தையம்மாள் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நல்லபடியாக இருக்கிறது. மூட்டுவலி மட்டும் அவரோடு கூடவே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறது.

உங்களைப் போல எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்து வாசல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் வளர்ந்தவள். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள், உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவளும் அவள்தான். கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மாடு மூன்று நாள் நடந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருக்கிறது, ஆனால் கண்ணில் தெளிவு இருக்கிறது. கொம்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வந்த முதல் வாரம் வைக்கோலும் தண்ணீரும்தான் வைத்தேன். வறண்டு கிடந்த வயிற்றுக்குப் பச்சைத் தீனி சட்டென்று ஆகாது. வயிறு உப்பிக்கொள்ளும். இப்போது இரண்டு கை வைக்கோலுக்கு ஒரு கை பச்சை என்று சேர்த்துப் போடுகிறேன்.

வாரம் பேசியிருந்தீர்கள். அதைச் சாரதாமணி படித்துக் காட்டியதும் எங்கள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "பொண்ணக் குடுக்கறப்பக்கூட இத்தன வெவரமாப் பேசலீங்களே" என்றார். உங்கள் மனசுக்கு அதுதான் சமாதானம் என்றால் அப்படியே இருக்கட்டும். மாடு எங்கள் வீட்டு மாடு போல இருக்கும்.

சாரதாமணி சொன்ன வேலையைச் செய்கிறாள், சொல்லாத வேலையையும் செய்கிறாள். அதை எழுதச் சொன்னால் எழுத மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். அதட்டித்தான் எழுத வைத்தேன்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.
குழந்தையம்மாள்


கரட்டுத்தோட்டம்
கார்த்திகை 25, 1965

சம்பந்தியம்மாவுக்கு நல்லம்மாள் எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்துச் சந்தோஷம். பேத்திக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது. மற்றபடி சுகம்.

கார்த்திகை தீபமும் வந்து போயிற்று, மழை வரவில்லை. கந்தவேல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறான், திங்கட்கிழமை விடிந்ததும் போய்விடுகிறான். உட்கார்ந்து பேசினால், "ஏம்மா, அந்த ஒத்த மாட்டையும் வித்துப்போட்டு ஆட்டையும் தள்ளிவுட்டுட்டு எல்லாருமா திருப்பூருக்கே போயிரலாம்" என்கிறான். "அக்கட்ட எங்கடா மேய்க்கறது?" என்றேன். "அக்கட்ட எதுக்கும்மா மேய்க்கோணும்?" என்றான்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன? அந்த ஒரு பசு ஈன்று ஒரு கிடேரி போட்டால் எங்கள் கட்டுத்தறி நிற்கும். மறுபடி நாலாகும், எட்டாகும். போடாவிட்டால், மாடு இல்லாத காட்டுக்கு அவன் ஏன் திரும்பி வர வேண்டும்? எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. நான் இருக்கும்போதே இது தெரிந்துவிட வேண்டும்.

இரண்டு கை வைக்கோலுக்கு ஒரு கை பச்சை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தியின் மூட்டுக்கு எருக்கிலையை வாட்டிக் கட்டிப் பாருங்கள்.
நல்லம்மாள்

சாரதாமணி, இதற்குக் கீழே உள்ளதைப் படித்துக் காட்ட வேண்டாம். சினை மாட்டுக்கு ஒரு கை பச்சை எந்த மூலைக்குக் காணும்? அடுத்த வீட்டு மாடு என்று அளந்து போடுகிறார்களோ என்னவோ. நீ ஒரு கண் வைத்துக்கொள், கண்ணு. வயிறு நிறைகிறதா என்று பார்.


கொமரலிங்கம்
மார்கழி 9, 1965

சம்பந்தியம்மாவுக்குக் குழந்தையம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாடு உயிரோடு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாலு நாளைக்கு முன் காலையில் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டது. மாட்டுத் தீவனத்துக்காகத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக் குதிரைமசால் போட்டிருக்கிறோம். அதைப் பனி ஈரத்தோடு ஒரு கட்டு, வைக்கோல் கலக்காமல், மாட்டின் முன்னால் போட்டுவிட்டேன். முழுவதையும் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் இடது விலா மத்தளம் போல ஆகி, மூச்சு வாங்கி, முன்னங்கால் மடிந்துவிட்டது. வைத்தியர் சென்னிமலையைக் கூட்டி வந்தோம். வாயில் குறுக்கே வேப்பங்குச்சியைக் கட்டி, நல்லெண்ணெயில் ஓமமும் பெருங்காயமும் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினார். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். மத்தியானம் ஏப்பம் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

மாட்டுக்குப் பயமில்லை என்கிறார். வயிற்றில் இருக்கிற கன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம். மாதம் போகட்டும் என்கிறார்.

தப்பு என் மேல்தான். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான்தான் போட்டேன்.
குழந்தையம்மாள்


கரட்டுத்தோட்டம்
மார்கழி 15, 1965

சம்பந்தியம்மா அவர்களுக்கு. இங்கே நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

மூன்று முறை படித்தேன். வறண்ட வயிற்றுக்குப் பச்சை ஆகாது என்று எனக்கு எழுதியவர் நீங்கள். நீங்களே ஒரு கட்டை ஈரத்தோடு தூக்கிப் போட்டீர்கள் என்றால் அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு எல்லாம் தாராளம். ஒரு மாடு போனால் இன்னொரு மாடு. எங்களுக்கு அப்படி இல்லை. தெருவில் போகிற மாட்டை நான் உங்களிடம் அனுப்பவில்லை.

என் மகள் உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் நான் வளர்த்த பிள்ளை. மாட்டுக்கு எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் கையில் விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

கன்றைப் பற்றித் தெரிந்தால் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.
நல்லம்மாள்


கரட்டுத்தோட்டம்
தை 16, 1966

சம்பந்தியம்மா அவர்களுக்கு. பொங்கல் ஆயிற்று. பட்டிப் பொங்கலுக்கு எங்கள் கட்டுத்தறியில் மாடே இல்லாமல் பன்னிரண்டு ஆட்டுக்கும் பொட்டு வைத்தோம். ஒரு மாதமாகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. கார்டில் எழுதுவதால் அதிகம் எழுதவில்லை. மாசி கடைசியில் ஆள் அனுப்பி மாட்டை ஓட்டிக்கொள்கிறேன். சாரதாமணியின் சுகத்துக்கு எழுதவும்.
நல்லம்மாள்


கொமரலிங்கம்
தை 27, 1966

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகள் சாரதாமணி எழுதுவது. அண்ணன், அண்ணி, மயிலாள் எல்லோரும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். இது அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம். ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும்போது தபாலில் போட்டுவிடுவேன்.

அம்மா, குதிரைமசாலைப் போட்டது அத்தை இல்லை. நான்.

அன்று காலை அத்தை மார்கழிப் பூசைக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நீங்கள் கடிதத்தின் அடியில் எனக்கென்று எழுதியதைப் படித்த நாளிலிருந்து மனசு ஒரு மாதிரியாகவே இருந்தது. அத்தை ஒரு கை, ஒரு கை என்று போடும்போதெல்லாம், நம் மாடு என்பதால்தான் அளக்கிறார்களோ என்று நினைத்தேன். வந்து இரண்டு மாதம் ஆயிற்றே, இன்னுமா பழகவில்லை என்றும் தோன்றியது. அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு கட்டு அறுத்து வந்து போட்டேன். அது அவுக் அவுக்கென்று தின்றதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நம் ஊரில் ஒரு நாளாவது அது அப்படித் தின்று நான் பார்த்ததில்லை.

அத்தை திரும்பி வரும்போது மாடு சாய்ந்து கிடந்தது. மாமா எங்கேயோ இருந்து ஓடி வந்து, "ஆரு போட்டது?" என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை, "நாந்தானுங்க. கோயலுக்குப் போற அவசரத்துல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா திட்டிய திட்டெல்லாம் அத்தைக்குத்தான். பிறகு தனியாக இருக்கும்போது அழுதேன். "இந்த ஊட்டுல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அது ஊட்டுக்காரி கணக்கு. நீ வந்து எட்டு மாசந்தான் ஆச்சு. எம்பட கணக்குல ஏற்கெனவே நெறையா இருக்குது, இன்னொண்ணு சேர்ந்தா தெரியாது" என்றார்கள். நான்தான் போட்டேன் என்று அவர்கள் சொல்ல, அதையும் என் கையால் எழுத வைத்தார்கள். எழுதிவிட்டேன். அதற்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

உங்கள் பதில் வந்ததும் அத்தை படிக்கச் சொன்னார்கள். 'இங்கே நலம்' என்பதைப் படித்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அத்தை கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நலங்கறதுக்கு இத்தன வரியா? உங்கம்மா நல்லாப் படிச்சவங்கதான்" என்றார்கள். பிறகு, "இப்பப் பதில் எழுத வேண்டாங் கண்ணு. சூடு ஆறட்டும்" என்று சொல்லி மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

இப்போது தீனி போடுவது நான்தான். அத்தை பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிறார்கள். மாட்டை ஓட்டிப் போய்விடாதீர்கள் அம்மா. இந்த நிலையில் மூன்று நாள் நடந்தால் கன்று தங்காது.
உங்கள் மகள்
சாரதாமணி


கரட்டுத்தோட்டம்
மாசி 3, 1966

சம்பந்தியம்மா குழந்தையம்மாள் அவர்களுக்கு நல்லம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பந்தியின் உடம்புக்கும் உங்கள் உடம்புக்கும் எழுதுங்கள். சாரதாமணி, இந்தக் கடிதத்தை அத்தைக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிறுத்தாமல் படித்துக் காட்ட வேண்டும். இது என் உத்தரவு.

மார்கழியில் நான் எழுதிய கடிதம் நல்ல கடிதம் இல்லை. அது உங்கள் கையில் இருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதிய எழுத்தை இதுவரை நான் அடுப்பில் போடச் சொன்னதில்லை.

அந்தக் கட்டை யார் போட்டிருந்தாலும், அது மாட்டின் மேல் இருந்த ஆசையால் போட்டது. அந்த ஆசையைக் கிளப்பி விட்டவள் நான். கார்த்திகையில் எழுதிய கடிதத்தின் அடியில் உங்களுக்குப் படித்துக் காட்டாத நாலு வரி இருக்கிறது. நீங்கள் அளந்து போடுகிறீர்களோ என்று சந்தேகப்பட்டு எழுதியது. சாரதாமணி, அதையும் எடுத்துப் படித்துக் காட்டு. என் மாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கையைச் சந்தேகப்பட்டேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

கொறங்காட்டில் வளர்ந்தவர்களுக்குப் பற்றாத தீனியைப் பங்கு வைக்கத் தெரியும், வேலங்காயைக் கணக்காகப் போடத் தெரியும். பச்சை அதிகமானால் மாடு சாகும் என்பது எங்கள் வயிற்றுக்கும் தெரியாது, மாட்டின் வயிற்றுக்கும் தெரியாது. அதிகமாக எதையாவது போட எங்களுக்கு என்றைக்கு வாய்த்தது? நான் வளர்த்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று பெருமையாக எழுதினேன். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்?

ஆள் அனுப்பவில்லை. மாடு எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டுமோ அத்தனை நாள் இருக்கட்டும். கன்று அசைகிறதா என்று மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அசையவில்லை என்றாலும் எழுதச் சொல்லுங்கள். உங்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.
நல்லம்மாள்


கொமரலிங்கம்
மாசி 14, 1966

சம்பந்தியம்மாவுக்குக் குழந்தையம்மாள் வணக்கம். எல்லோரும் நலமாக இருக்கிறோம். எருக்கிலை கட்டியதில் இவருக்கு மூட்டு கொஞ்சம் தேவலை. ஆனால் அந்த வாடைக்கு யாரும் பக்கத்தில் போவதில்லை.

கடிதத்தை முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தினாள், தண்ணீர் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்த நாலு வரியையும் கேட்டேன். அதில் தப்பு ஒன்றுமில்லை. என் மாட்டை நான் இன்னொரு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழுதத் தெரியாததால் தப்பித்தேன்.

யார் போட்டது என்பதை நீங்களும் கேட்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கட்டும்.

நேற்று தண்ணீர் காட்டிவிட்டு மாட்டின் வலது அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாரதாமணியையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். உள்ளே இருந்து ஒரு இடி இடித்தது. "அத்தை, ஒதைக்குதுங்க" என்றாள். கையை எடுக்கவே மாட்டேன் என்கிறாள், சோறாக்குவதற்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

உதைத்ததற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்க முடியாது. ஈன்று எழுந்து நிற்கட்டும்.
குழந்தையம்மாள்


கொமரலிங்கம்
பங்குனி 26, 1966

சம்பந்தியம்மாவுக்கு அவசரமாக எழுதுவது. எல்லோரும் சுகம், மாடும் சுகம்.

கிடேரி.

நேற்று விடிந்து இரண்டு நாழிகை இருக்கும், ஈன்றது. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அளவில் சின்னதுதான். கீழே விழுந்ததும் மூச்சே இல்லாதது போலக் கிடந்தது. சாரதாமணி மூக்கில் இருந்த சளியைத் தன் விரலாலேயே வழித்து எடுத்தாள். வைக்கோலை வைத்து நானும் அவளும் இரண்டு பக்கமும் தேய்த்தோம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒரு தும்மல் போட்டது பாருங்கள், எங்கள் வீட்டுக்காரர் மூட்டுவலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

நாலு முறை எழுந்து நாலு முறை விழுந்தது. ஐந்தாவது முறை நின்றது. தாய் மடியைத் தேடிப் போகத் தெரியாமல் என் சேலையைப் போய் முட்டியது. சீம்பாலை முதலில் அது குடிக்கட்டும் என்று விட்டு, மீதியைத்தான் காய்ச்சினோம்.

வாரப் பேச்சுப்படி கிடேரி உங்களுக்கு. எப்போது ஓட்டிக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே நீங்கள் வரவில்லை.
குழந்தையம்மாள்

அம்மா, வாங்கம்மா. — சா.


கரட்டுத்தோட்டம்
வைகாசி 18, 1966

சம்பந்தியம்மாவுக்கு நல்லம்மாள் எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. தாராபுரத்தில் பஸ் மாற ஒரு மணி நேரம் நின்றதில் கால் வீங்கி, இப்போது வடிந்துவிட்டது. நீங்கள் கட்டிக் கொடுத்த சோற்றை அங்கேதான் சாப்பிட்டேன். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் நாலு நாள் இருந்தும் ஒன்றை நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் சொல்கிறேன். நான் வந்த மறுநாள் காலையில் தோட்டத்தில் அறுத்து வைத்திருந்த குதிரைமசாலைப் பார்த்ததும் என் கையும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மாட்டிடம் போனேன். சாரதாமணி குறுக்கே வந்து நின்று, "அம்மா, கீழ வைங்க. மொதல்ல வைக்கோலு" என்றாள். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பார்த்தேன். என் மகள் என்னை அதட்டியதில் எனக்கு வந்த கோபத்தைவிட, அதைச் சொல்லும் அளவுக்கு அவளை நீங்கள் ஆளாக்கியிருக்கிறீர்கள் என்ற சந்தோஷம் பெரிது.

கிடேரியைப் பற்றி யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அது சாரதாமணியிடமே இருக்கட்டும். தயவுக்காகச் சொல்லவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கட்டுத்தறியில் எல்லாவற்றையும் கட்டி வைத்தால் இரண்டு வருஷம் மழை இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று இந்த வருஷம் பார்த்துவிட்டேன். தாய் இங்கே, மகள் அங்கே என்று இருந்தால் ஒரு பக்கம் காய்ந்தாலும் மறுபக்கம் நிற்கும். கன்று பால் மறக்கும் வரை இரண்டும் உங்களிடம் இருக்கட்டும், கன்றைப் பிரித்தால் மாடு பால் இறக்காது. ஆவணியில் தாயை மட்டும் கூட்டிக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஈத்துத் தாங்கும். இந்த வாரத்துக்கு நீங்கள் சம்மதிக்கத்தான் வேண்டும்.

சித்திரைக் கடைசியில் எங்களுக்கு மூன்று மழை பெய்தது. கருகிப் போயிற்று என்று எழுதினேனே கொழுக்கட்டைப் புல், தூரில் உயிர் இருந்திருக்கிறது. ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆடுகளில் ஐந்து குட்டி போட்டிருக்கின்றன. ஒன்று மட்டும் இரட்டை.

என் முடிவைக் கந்தவேலிடம் சொன்னேன். "கெடேரியவும் குடுத்துப்போட்டு அந்தத் தாய் மாட்ட மட்டும் வெச்சு என்னம்மா பண்றது?" என்று கேட்டான். "சினைக்கு நிக்கும்" என்றேன். திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போய்விட்டான். அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குப் போனான். வடக்குப் பக்கம் வேலி இரண்டு வருஷமாகச் செத்துப் போய், ஒரு மாடு புகுந்து போகிற அகலத்துக்குச் சந்து விழுந்து கிடக்கிறது. குழி பறித்து, பக்கத்தில் உயிரோடு இருந்த கிளுவை மரத்திலிருந்து ஆறு கிளையைப் போத்தாக வெட்டி நட்டான். நான் ஏன் என்று கேட்கவில்லை. சோறு போடும்போது அவனே சொன்னான். "ஆவணில கம்பெனில ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கறனுங்கம்மா. ஆள அனுப்பாதீங்க. நானே போயி ஓட்டியாறேன்."

அதை உங்களுக்கு எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் கூட வந்துவிட்டது. அவன் வரும்போது இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புங்கள், வைக்கோலையும் பச்சையையும் எப்படிக் கலப்பது என்று அவன் தங்கை காட்டிக் கொடுக்கட்டும்.

காலையில் போய்ப் பார்த்தேன். நட்டதில் நாலு துளிர்த்திருக்கிறது. மற்ற இரண்டையும் பிடுங்கவில்லை. இன்னும் மழைக்காலம் இருக்கிறது.
நல்லம்மாள்